ஒத்ததிர்வு ஊடுருவல் டயோடு

சில நானோமீட்டர் தடிமனுள்ள குறைகடத்திப் படலங்களை அடுக்கி உருவாக்கப்படும் மின்னணு உறுப்பு. மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடுவது வழக்கம். இதிலோ ஓர் எல்லைக்கு மேல் அழுத்தம் ஏற ஏற ஓட்டம் இறங்கும். இப்பண்பை எதிர் மின்தடை என்பர்.

இதன் வித்து ஜப்பானில் விழுந்தது. பின்னாளில் சோனி எனப் பெயர் மாறிய நிறுவனத்தில் பணியாற்றிய லியோ எசாகி, மாசு மிகுதியாகச் சேர்த்த ஜெர்மானியம் சந்தியில் எலக்ட்ரான்கள் தடையை ஊடுருவுவதை 1957-இல் கண்டார். 1973-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகவே. 1960-இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்துக்குச் சென்ற அவர், ரஃபேல் சூ என்பவருடன் சேர்ந்து, இருவகைப் படலங்களை மாறி மாறி அடுக்கி இயற்கையில் இல்லாத படிகத்தை ஆக்கலாம் என்ற துணிச்சலான கருத்தை முன்வைத்தார். ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழ் அக்கட்டுரையை வெறும் ஊகம் என்று திருப்பியனுப்பியதாக எசாகியே எழுதியிருக்கிறார். 1970-இல் ஐபிஎம்மின் சொந்த ஆய்விதழே அதை வெளியிட்டது. அணு அணுவாகப் படலம் வளர்க்கும் மூலக்கூற்றுக் கற்றை முறை அக்காலத்தில்தான் பெல் ஆய்வகத்தில் உருப்பெற்றுவந்தது. அது இல்லையேல் இக்கருத்து தாளோடு நின்றிருக்கும்.

1974-இல் லெராய் சாங், எசாகி, சூ மூவரும் எலக்ட்ரானை அடைத்துவைக்கும் ‘கிணறு’ போன்ற மெல்லிய காலியம் ஆர்சினைடு படலத்தின் இருபுறமும் அலுமினியம் கலந்த தடைகளை வைத்து, தாழ்ந்த வெப்பநிலையில் ஒத்ததிர்வு ஊடுருவலைக் காட்டினர். கிணற்றுக்குள் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களே உண்டு. வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானின் ஆற்றல் அம்மட்டத்தோடு பொருந்தும்போது ஓட்டம் உச்சமடைகிறது. அழுத்தம் மேலும் கூடினால் மட்டம் கீழே நழுவி, ஓட்டம் குறைகிறது. மட்டம் எங்கே அமைய வேண்டும் என்பதைக் கிணற்றின் அகலத்தைக் கொண்டே வடிவமைப்பாளர் தீர்மானிக்கலாம். இக்கருவியின் சிறப்பு இதில்தான் உள்ளது. எலக்ட்ரான் இரு படிகளாகத் தாவினாலும் இதே விளைவு வரும் என்று 1985-இல் செர்ஜ் லூர்யி சுட்டினார்.

1983-இல் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் இந்த டயோடு 2.5 டெராஹெர்ட்ஸ் வரை செயல்படக் கண்டனர். டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தார் 2010-இல் அறை வெப்பநிலையிலேயே 1 டெராஹெர்ட்ஸுக்கு மேல் அலைவு பெற்றனர். வெளியீட்டுத் திறன் குறைவு என்பதால் பயன்பாடு பெரும்பாலும் ஆய்வகங்களிலேயே உள்ளது.