பாய்ன் நதிக்கரைக் குடில்கள்

அயர்லாந்து தேசத்திலே, கில்டேர் ஜில்லாவில் ஊற்றெடுத்து, மீத் ஜில்லாவை ஊடறுத்துப் பாய்ந்து, டிராகெடா நகருக்கு அப்பால் கடலிற் கலப்பது பாய்ன் நதி. அதன் நீளம் ஏறத்தாழ 112 கிலோமீட்டரே. எனினும் அச்சிறு நதியின் கரையிலே அடங்கிக் கிடக்கும் சரித்திரம் பெரிது.

எகிப்தின் கிசாக் கோபுரங்களுக்கும் முந்தியதான நியூகிரேஞ் கல்லறை மேடு அங்கேதான் உளது. ஏறக்குறைய 5,200 ஆண்டுகட்கு முன் எழுப்பப்பெற்ற அம்மேட்டின் உள்ளறையில், மார்கழியின் மிகக் குறுகிய பகல்களில் மாத்திரம், காலைக் கதிரவன் ஒளி புகுந்து சிறிது நேரம் நின்று மறையும். பழைய மன்னர்களின் தாரா மலையும், 1172இல் ஹியூ டி லேசி என்னும் நார்மானியப் பிரபு அடிகோலிய டிரிம் கோட்டையும் அப்பக்கத்தனவே. இங்கிலாந்தின் சிம்மாசனத்திற்காக இரண்டாம் ஜேம்ஸ் என்னும் மாமனாரும் மூன்றாம் வில்லியம் என்னும் மருமகனும் 1690இல் பொருத களமும் அந்நதியின் கரையே.

இவற்றைக் காண வருவோர் பலர் இக்காலத்தில் பெரிய ஓட்டல்களை நாடுவதில்லை. நாட்டுப்புறத்துக் குடில் ஒன்றை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, சந்தையில் வாங்கியதைத் தாமே சமைத்துண்டு, விருப்பம்போல் உலாவித் திரும்புகின்றனர். சிக்கனமான முறை, குழந்தை குட்டிகளுடன் செல்வோர்க்கு மிக உகந்ததும் ஆகும். வெள்ளையடித்த சுவர், கணப்படுப்பு, சிறு சன்னல், வாசலிற் பூச்செடி; இதுவே பழைய ஐரிஷ் ஏழையின் இல்லம் என்று அவர்கள் மகிழ்கின்றனர். கல்லறைக்கும் கோட்டைக்கும் ஆண்டு கேட்போர், தாம் உறங்கும் கூரைக்கு ஆண்டு கேட்பது அரிது. நாம் அதனையே கேட்போம்.

உண்மை யாதெனில், பழைய ஐரிஷ் ஏழையின் இல்லம் இன்று நிற்கவில்லை. 1841ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுத்தோர் வீடுகளை நான்கு தரமாக வகுத்தனர். நாலாந்தரம் என்பது ஓர் அறை மாத்திரமே உள்ள மண்குடிசை. அத்தேசத்தில் அன்று ஏறத்தாழ 4,91,000 குடிசைகள் அத்தரத்தன. பத்தே ஆண்டுகட்குப் பின் 1851இல் எண்ணியபோது இருந்தவை ஏறத்தாழ 1,35,000. மற்றவை எங்கே போயின? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது, பஞ்சம் மூண்டது, ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர், அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். ஆளிழந்த மண்குடிசை இரண்டொரு மழையில் மண்ணோடு மண்ணாயிற்று. இடியாதவற்றை நிலப்பிரபுக்களின் ஆட்கள் இடித்தனர்.

அக்காலத்திற் செய்யப்பட்ட சட்டமொன்றை நேயர்கள் நினைவிற் கொள்க. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்குப் பஞ்ச நிவாரணம் இல்லை என்று 1847இல் விதித்தனர். பசித்தவன் நிலத்தை விட்டாலன்றிக் கஞ்சி கிடையாது. விட்டபின்போ, நிற்க இடம் கிடையாது.

பாய்ன் பள்ளத்தாக்கின் புல் பெயர்பெற்றது. ஆதலின் மீத் ஜில்லாவின் பெருநிலக்காரர் மனிதரை அகற்றி மாடுகளை நிரப்புவதே ஆதாயம் எனக் கண்டனர். மாடு கூலி கேளாது, சங்கமும் கூட்டாது. 1841இல் சுமார் 1,83,000 ஆக இருந்த அந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1911இல் சுமார் 65,000 ஆகச் சுருங்கிற்று.

எஞ்சி நின்ற பழங்குடில்கள் பெரும்பாலும் எவருடையவை? மாளிகையின் வாயில் காத்தோர், தோட்டம் பேணியோர் முதலியோர்க்குப் பிரபு தம் செலவிற் கல்லாற் கட்டுவித்தவை. அங்கு வேலை போயின் வீடும் போகும். தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம் நேயர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேறொரு வகைக் குடிலும் உண்டு. நம் கருத்தில் அதுவே சிறந்தது. 1879இல் மைக்கேல் டேவிட் முதலியோர் நிலச் சங்கம் கண்டனர். நான்கு வயதுச் சிறுவனாய்த் தன் குடும்பம் வீட்டினின்றும் விரட்டப்பட்டதைக் கண்டவர் டேவிட். அக்கிளர்ச்சியின் பயனாய் 1881இல் குத்தகைக் குடியானவர்க்கு நியாய வாரம் கிட்டியது. நிலமே இல்லாத கூலியாளுக்கோ ஒன்றும் கிட்டவில்லை. அவனுக்கென 1883இல் தொழிலாளர் குடில் சட்டம் பிறந்தது. வரி செலுத்துவோர் பன்னிருவர் விண்ணப்பித்தால், ஏழைகள் பராமரிப்புச் சபையார் நிலம் எடுத்து, அரை ஏக்கர் தோட்டத்துடன் வீடு கட்டித் தரலாம். கால் ஏக்கருக்குப் பட்டினி விதித்த அதே பார்லிமெண்டு, முப்பத்தாறு ஆண்டு கழித்து அரை ஏக்கர் அளித்தது! இதனை எதிர்த்தவர் பிரபுக்கள் மாத்திரம் அல்லர். நேற்றுவரை பிரபுவோடு போராடிய குடியானவர் பலரும், தம் வயலில் ஒரு மூலையைக் கூலியாளுக்கு விட மனம் இசைந்தாரில்லை. எனினும் 1921க்குள் அத்தேசமெங்கும் 40,000க்கும் மேற்பட்ட குடில்கள் எழுந்தன.

பாய்ன் கரையில் ஸ்லேன் என்னும் ஊரருகே அத்தகைய குடில் ஒன்றில் 1887இல் பிறந்தவர் பிரான்சிஸ் லெட்விஜ். தந்தை இளமையிலேயே இறக்க, தாய் வயற்கூலி செய்து பிள்ளைகளை வளர்த்தார். லெட்விஜ் சிறு வயதிலேயே பள்ளியை விட்டார். செப்புச் சுரங்கத்தில் உழைத்தார். அங்குத் தொழிலாளர் குறைகளுக்காக வேலைநிறுத்தம் கூட்டி வேலை இழந்தார். பின்னர்ச் சாலை போடும் கூலியானார். இத்தனைக்கும் இடையே கவி பாடினார். தமக்கென நான்கு சுவரும் ஒரு தோட்டமும் இராவிடில் அக்கவி பிறந்திருக்குமோ என்று நாம் எண்ணுவதுண்டு. முதல் மகாயுத்தத்திற் படையிற் சேர்ந்து, 1917 ஜூலை 31இல், பெல்ஜியத்தில் ஈப்பர் நகரருகே, சகாக்களுடன் சாலை போட்டுக் கொண்டிருக்கையிற் குண்டு வீழ்ந்து மாண்டார். வயது 29.

அக்குடில் வாடகைக்கு விடப்படுவதில்லை. அதனைக் காட்சிச்சாலையாக்கிப் பேணுகின்றனர். நியூகிரேஞ்சிலிருந்து ஸ்லேன் அதிக தூரமன்று; சாலையோரத்திலேயே நிற்கிறது.