வைஃபை வேகம்: விளம்பர வேகமும் செயல் வேகமும்

வீட்டு வைஃபை வலையமைப்பில் வேகம் இரு வகையில் சொல்லப்படுகிறது. ரூட்டருக்கும் கைப்பேசி, மடிக்கணினி போன்ற கருவிக்கும் இடையே வானலையில் பிட்டுகள் செல்லும் வீதம் இணைப்பு வேகம். பெட்டியில் அச்சிடப்படுவது இதன் உச்ச அளவே. கோப்பை இறக்கும்போது பயனருக்கு உண்மையில் கிடைப்பது செயல் வேகம். நல்ல சூழலிலும் இது இணைப்பு வேகத்தில் பாதிக்கும் குறைவு முதல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரையே இருக்கும். 2003இல் வந்த 802.11ஜி தரநிலையின் உச்சம் நொடிக்கு 54 மெகாபிட். நடைமுறையில் கிடைத்தது 20 முதல் 25 வரை.

பெட்டியில் உள்ள எண்

‘ஏசி1200’ என்ற குறியீடு இரு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டியது: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். கூட்டுத்தொகையை முழு எண்ணாக்கி 1200 என்கிறார்கள். ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்பதால் 1200 எந்தத் தனிக் கருவிக்கும் கிடைப்பதில்லை. 867 மெகாபிட் பெறவும் இருபுறமும் இரண்டு ஆண்டெனாக்களும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலும் தேவை. கருவியில் ஓர் ஆண்டெனாதான் என்றால் உச்சம் 433 ஆகிவிடும்.

குறைவதற்கான காரணங்கள்

ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்புமுன் ஒவ்வொரு கருவியும் சேனல் காலியா என்று கவனித்துச் சற்றுக் காத்திருக்கிறது. அனுப்பிய பின் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் எதிர்பார்க்கிறது. இந்த நேரத்தில் பயனரின் தரவு எதுவும் நகர்வதில்லை. அதே சேனலில் இயங்கும் பக்கத்து வீட்டு ரூட்டரும் சேனலின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. தொலைவில் மெதுவாக இணைந்துள்ள ஒரு கருவி அதே அளவு தரவை அனுப்ப அதிக நேரம் எடுப்பதால் மற்றவற்றின் வேகமும் குறைகிறது.

சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகம் தடுக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவாகச் செல்லும். ஆனால் அங்கே ஒன்றையொன்று தொடாத சேனல்கள் நடைமுறையில் மூன்றே (1, 6, 11). புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில் இயங்குகின்றன. ஒரே ரேடியோவால் வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர், வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும்.

இணையத் திட்டமும் அளவீடும்

வைஃபை எவ்வளவு வேகமாயினும் இணையத்தின் வேகம் வெளியிலிருந்து வரும் இணைப்பின் வேகத்தை மீறாது. சில மலிவு ரூட்டர்களில் கேபிள் செருகும் போர்ட்டே நொடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்பட, இறக்கம் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே உச்சம்.

குறை எங்கே என்று அறிய, முதலில் மடிக்கணினியை ரூட்டரில் கேபிளால் இணைத்தும், பிறகு ரூட்டருக்கு அருகிலும் தொலைவிலும் வைஃபையில் இணைத்தும் அளக்க வேண்டும். கேபிளிலேயே குறைந்தால் இணைய இணைப்பிலோ ரூட்டரிலோ குறை. வைஃபையில் மட்டும் குறைந்தால் இடம், சேனல் ஆகியவற்றை மாற்றிப் பார்க்கலாம்.