கால் வழி அடைச்சிருந்தா?

நான் வெலிங்டன்காரன். மண் சரிஞ்சு குன்னூர் ரோடு அடைச்சா, கோத்தகிரி வழியா சுத்தித்தான் மேட்டுப்பாளையம் இறங்குவோம். எங்க பாட்டியோட ஸ்கேனைப் பார்த்த டாக்டரும் அப்படித்தான் சொன்னார்: "வால்வை மாத்தணும். தொடைத் தமனி ரொம்பக் குறுகல், தோள்பட்டை வழியா போகலாம்." வீட்டில் எல்லாருக்கும் பயம். நான் பழைய கதையைத் தேடினேன்.

2002 ஏப்ரல் 16, பிரான்ஸின் ரூவான் நகரம். நெஞ்சைத் திறக்காமல், கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பெருந்தமனி வால்வைப் பொருத்தினார் டாக்டர் அலென் கிரிபியே. நோயாளிக்கு வயது 57. அவருடைய கால் தமனிகள் அடைத்திருந்தன. அதனால் கிரிபியே தொடைச் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போனார். வால்வு வேலை செய்தது. ஆனால் சுமார் நாலு மாதத்தில் வேறு சிக்கல்களால் அவர் இறந்துவிட்டார்.

பிறகு கருவிகள் மெலிந்தன. தொடைத் தமனியே பிரதான பாதையானது. அது ஒத்துவராதவர்களுக்கு இதய நுனி, தோள், கழுத்து என வழிகள் திறந்தன. 2013-இல் டெட்ராய்ட்டில், வயிற்றுப் பெருஞ்சிரையிலிருந்து பக்கத்துப் பெருந்தமனிக்கே துளையிட்டுக் கடந்தார்கள்.

பாட்டிகிட்ட சொன்னேன்: "முதல் ஆளுக்கே கோத்தகிரி ரோடுதான் பாட்டி." சிரிச்சாங்க. அடுத்த வாரம் கோவையில் ஆபரேஷன்.