23 விஷயங்கள் - நூலகர்கள் இணையம் பழகிய கதை

நூலக வரலாறு என்றதும் அலெக்சாண்டிரியா எரிந்த கதையில் ஆரம்பிப்பேன் என்று பயப்பட வேண்டாம். இது நம் காலத்துக் கதை. 2006 ஆகஸ்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகம் தன் ஊழியர்களுக்கு ஒரு அறிவிப்பு கொடுத்தது. ஒன்பது வாரத்தில் இணையத்தில் 23 விஷயங்களைத் தாங்களே பழகி முடிப்பவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. முடித்தவர்களில் குலுக்கல் முறையில் ஒருவருக்கு மடிக்கணினி. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

கேட்க ஏதோ ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது ஏன் புதுசு என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நூலகர்களுக்குப் புதிய கருவி பழகுவது அந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்து இருக்கும் தொல்லை. மெல்வில் டூயி தசம வகைப்பாட்டை வெளியிட்டது 1876ல். 1887ல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் அவர் நூலகப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்து நூலகப் பள்ளிகளில் கையெழுத்து ஒரு பாடம்! அட்டைப் பட்டியலில் யார் எழுதினாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக 'நூலகக் கையெழுத்து' என்று ஒரு பாணியையே உண்டாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் இப்படித்தான் போட வேண்டும் என்று பழக்கினார்கள். பிறகு தட்டச்சு இயந்திரம் வந்தது, அந்த வித்தை வேலைக்கு ஆகாமல் போனது.

அடுத்த பெரிய அலை கணினி. 1960களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்ற நிரலர், நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதுவதற்கு 'மார்க்' என்ற வடிவத்தை உருவாக்கினார். அவர் நூலகப் படிப்பு படித்தவர் அல்ல, அட்டையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் கமாவுக்கும் என்ன அர்த்தம் என்று வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழக நூலகம் ஓ.சி.எல்.சி. அமைப்பின் கணினியோடு இணைந்து பட்டியலிட ஆரம்பித்தது. முதல் நாளில் 133 புத்தகங்கள். ஒரு நூலகம் பட்டியலிட்டதை மற்ற நூலகங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினி பல வருடங்கள் செய்த முக்கிய வேலை அட்டை அச்சடித்துத் தபாலில் அனுப்புவது. கடைசி அட்டையை ஓ.சி.எல்.சி. அச்சடித்தது 2015 அக்டோபர் 1ல்தான். மொத்தம் சுமார் 190 கோடி அட்டைகள்!

இந்த மாற்றங்களில் எல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. மேலிருந்து முடிவு வரும், கருவி வரும், கையேடு வரும், பயிற்சி வரும். ஊழியர் பழகிக்கொள்வார். அந்தக் கருவியும் நூலகத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கும்.

2005 வாக்கில் வந்தது அப்படிப்பட்டது அல்ல. பிளிக்கர், டெலிஷியஸ், விக்கி, வலைப்பதிவு எதுவும் நூலகத்தைக் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. இதற்குள் கூகிள் வந்து தேடலைப் பிடித்துக்கொண்டது, விக்கிபீடியா கலைக்களஞ்சியத்தைப் பிடித்துக்கொண்டது. 2004 டிசம்பரில் பெரிய நூலகங்களின் புத்தகங்களையே ஸ்கேன் செய்யப் போவதாகக் கூகிள் அறிவித்தது. 'இனி நமக்கு என்ன வேலை?' என்ற கேள்வி நூலகர்களுக்கு நிஜமாகவே இருந்தது. 2005ல் மைக்கேல் கேசி என்ற நூலகர் தன் வலைப்பதிவில் 'லைப்ரரி 2.0' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அந்தச் சொல்லை வைத்து நடந்த சண்டைகள் தனிப் பதிவுக்கு ஆகும், இங்கே வேண்டாம்.

சார்லட் நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலீன் ப்ளோவர்ஸ். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டீபன் ஏப்ரம் என்பவர், நூலகர்கள் இந்த வருடம் செய்து பார்க்கக்கூடிய 43 விஷயங்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ப்ளோவர்ஸ் அதிலிருந்து பொறி எடுத்து, 43ஐ 23 ஆக்கினார்.

அவர் போட்ட ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசை. முதல் வாரம் ஒன்றும் பெரிதாக இல்லை, திட்டம் என்ன என்று படிப்பதுதான். இரண்டாம் வாரமே ஒவ்வொருவரும் சொந்தமாக வலைப்பதிவு தொடங்க வேண்டும். அதன் பிறகு எதைப் பழகினாலும், பிடித்ததா, எரிச்சலா என்று அதில் எழுத வேண்டும். பிறகு பிளிக்கரில் படங்கள், அடுத்து ஆர்.எஸ்.எஸ். ஓடை (நம்மூரில் இந்த மூன்று எழுத்துக்கு வேறு அர்த்தம், அது அல்ல :-) ஒரு காலத்தில் தமிழ்மணம் திரட்டி வைத்துப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). ஐந்தாம் வாரம் முழுக்க விளையாட்டு. அப்புறம் குறிச்சொற்கள், விக்கி, இணையத்திலேயே இயங்கும் எழுதுகருவி, கடைசி வாரம் ஒலியும் ஒளியும்.

பெயர் சொல்லாமல் புனைபெயரில் எழுதவும் அனுமதி உண்டு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இருபது வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து 'எதைக் கேட்டாலும் சொல்வார்' என்று பெயர் வாங்கிய ஒருவர், 'இது எனக்குப் புரியவில்லை' என்று பொதுவில் எழுதுவது எவ்வளவு கஷ்டம்! புனைபெயர் அந்தக் கூச்சத்தைக் குறைத்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து வேறு கிளையில் இருப்பவர் வழி சொன்னார். கையேடு செய்ய வேண்டிய வேலையை அவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள்.

23ல் நூலகர்களைத் தொழில்ரீதியாக உரசிப் பார்த்தது குறிச்சொல்தான் என்பது என் எண்ணம். ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஒரே இடம்தான் இருக்க முடியும், அதனால் ஒரே வகைப்பாட்டு எண். அந்த எண்ணைச் சரியாகப் போடுவதுதான் நூலகரின் கௌரவம். டெலிஷியஸில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எத்தனை பெயர் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒருவர் 'சமையல்' என்பார், இன்னொருவர் 'அப்புறம் படிக்க' என்பார். பயிற்சி பெற்ற பட்டியலாளருக்கு இது சந்தைக் கூச்சலாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 2008 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 பழைய புகைப்படங்களைப் பிளிக்கரில் போட்டு, தெரிந்தவர்கள் விவரம் சொல்லுங்கள் என்றது. அந்த அக்டோபருக்குள் 7,000க்கு மேல் பின்னூட்டங்கள், 67,000க்கு மேல் குறிச்சொற்கள். மக்கள் பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்து, இது இந்தத் தெரு, இவர் இன்னார் என்று ஆதாரத்தோடு சொன்னார்கள். நூலகம் சரிபார்த்து, 500க்கு மேற்பட்ட பதிவுகளைத் தன் பட்டியலிலேயே திருத்தியது. கூச்சலுக்குள் அறிவும் இருந்தது. அதைப் பிரித்தெடுக்கத்தான் நூலகர் தேவைப்பட்டார்.

ப்ளோவர்ஸ் தன் திட்டத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருந்ததால், மற்ற நூலகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவுக்குப் போனது, நெதர்லாந்தில் '23 டிங்கன்' ஆனது, நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தது.

இதையெல்லாம் பொம்மை விளையாட்டு என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: அந்தப் பட்டியலில் இருந்த பல தளங்கள் இன்று இல்லை, அல்லது உருமாறிவிட்டன. தேடுபொறி செய்து விளையாடிய ரோல்யோ போய்விட்டது. டெலிஷியஸ் கை மாறி மாறிக் கடைசியில் அடங்கிவிட்டது. பெயருக்குக் காரணமான 43 திங்ஸ் தளமும் இல்லை. ஆனால் நூலகக் கையெழுத்தும்தான் போனது! ஒரு கருவி செத்ததும் அடுத்ததைத் தாங்களே திறந்து பார்க்கும் பழக்கம் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 23ஐயும் முடித்தவர்களுக்கு அது வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் வேலையைக் காப்பாற்றியதா என்றால், அது வேறு. பொருளாதார நெருக்கடியில் 2010 மார்ச்சில் இதே சார்லட் நூலகம் தன் 24 கிளைகளில் 12ஐ மூடப் போவதாக அறிவித்தது. மக்கள் கொதித்தெழுந்து பணம் திரட்டியதால் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனாலும் ஆட்குறைப்பு நடந்தது, நூலகம் திறந்திருக்கும் நேரமும் குறைந்தது. விக்கி தெரியும், ஓடை தெரியும் என்பதெல்லாம் மாவட்ட பட்ஜெட்டுக்கு முன்னால் எடுபடவில்லை. லைப்ரரி 2.0 பற்றி உற்சாகமாக எழுதியவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

முடிக்கும் முன் ஒரு உபரித் தகவல். 18வது விஷயத்தில், இணையத்திலேயே எழுதும் கருவி என்று சார்லட் ஊழியர்களுக்குக் காட்டப்பட்டது ஸோஹோ ரைட்டர். சென்னையில் இருந்த அட்வென்ட்நெட் பொறியாளர்கள் உருவாக்கி 2005ல் வெளியிட்டது அது. நிறுவனத்தின் பெயரும் பிற்பாடு ஸோஹோ என்றே மாறியது. பட்டியலில் இருந்தவை பலவும் மறைந்த பிறகும் ஸோஹோ ரைட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.