சேய்மைச் சொல்லும் கூடிக் கேட்போர் அவையும்

மெய்யியல் மாநாடுகள் சில இக்காலத்தில் இணையவழி நிகழ்கின்றன. ஒரு துறையின் ஆசிரியரும் மாணவரும் ஓரறையில் கூடி, அவற்றைத் திரையிற் கண்டு ஆராய்வதும் உண்டு. தனித்தனியே தத்தம் இல்லத்திலிருந்து காணத்தக்க ஒன்றைக் கூடிக் காண்பதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவிற்குரிய விடையைக் கணினிக்கு முற்பட்ட வரலாற்றிலிருந்தே தொடங்கி ஆராய்வாம்.

இங்கிலாந்தில் ஹாடோ என்பவர் தலைமையில் அமைந்த குழு, வானொலிவழி முதியோர் கல்வியைப் பற்றிய தன் அறிக்கையை 1928ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்பின் வானொலிப் பேருரைகளைக் கூடிக் கேட்டு உரையாடும் குழுக்கள் அந்நாட்டில் வளர்ந்தன. குழுவிற்கு ஒரு தலைவர் இருந்தார். துணைநூல்களும் முன்னரே அச்சிடப்பெற்றன. ஆயினும், ஐயம் எழுந்தபொழுதே பேசியவரை வினவும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

இக்குறையை ஓரளவு நீக்கியது கனடாவின் உழவர் வானொலி மன்றம். 1941 முதல் 1965 வரை நடைபெற்ற இம்முயற்சியில், அண்டை வீட்டார் ஓரில்லத்தில் கூடி ஒலிபரப்பைக் கேட்டனர். பின்னர்த் தம்முள் ஆராய்ந்து, கண்ட முடிபுகளை எழுதி அனுப்பினர். அவற்றின் சுருக்கம் பின்னர் வானொலியிலேயே கூறப்பெற்றது. கேட்போர் சொல்லும் அவையேறியது என்க.

இம்முறையைப் பின்பற்றி, 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி பூனாவைச் சார்ந்த ஐந்து மாவட்டங்களில் ஓர் ஆய்வு நிகழ்த்தியது. மராத்தி மொழியில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றம் அமைந்த ஊர்களையும், வானொலி மட்டும் உடைய ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு நோக்கினர். மன்றம் அமைந்த ஊர்களிலேயே அறிவு பெரிதும் வளர்ந்தமை புலனாயிற்று. பொருள் உழவும் ஊர்நலமுமேயன்றி மெய்யியல் அன்று. எனினும் நம் வினாவிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒலிபரப்பு ஒன்றே, கூடி ஆராய்ந்தமையும் ஆராயாமையுமே வேற்றுமைக்குக் காரணம்.

இனி, மெய்யியலுக்கு வருவோம். நனவுநிலை பற்றிய இணைய மாநாடு ஒன்றை ரிச்சர்டு பிரவுன் என்னும் மெய்யியலார் 2009ஆம் ஆண்டு தொடங்கினார். 2013 வரை அது நடைபெற்றது. கட்டுரைகளும் அவற்றின்மேல் அறிஞர் வழங்கிய கருத்துரைகளும் முன்வைக்கப்பெற்று, வினாவும் விடையும் எழுத்தில் நிகழ்ந்தன. வானொலிக்கு இல்லாத மறுமொழி வழி இங்கே திறந்தது. ஆனால் கேட்போர் கூடும் அறை இதற்கு வேண்டப்படவில்லை.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றது, 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த இசையுணர்வு ஆய்வு மாநாடு. கிராஸ், மாண்ட்ரியல், லா பிளாட்டா, சிட்னி என்னும் நான்கு நகரங்களில் ஒரே மாநாடு நடைபெற்றது. மாண்ட்ரியலுக்கும் சிட்னிக்கும் இடையே அப்பருவத்தில் பதினான்கு மணி வேறுபாடு உண்டு. ஓரிடத்துப் பகல் மற்றோரிடத்து இரவாதலின், உடனுக்குடன் காண்பதோடு பதிவைப் பின்னர்க் காண்பதும் இன்றியமையாததாயிற்று.

பதிவைப் பின்னர்க் காணும் குழுவிற்கே இடர் மிகுதி. வினவுவதற்குரிய காலம் கடந்துவிடின், அவையினர் வெறும் காட்சியாளர் ஆவர். கடல்கடந்து செல்லப் பொருளில்லாத மாணவருக்கோ திரை ஒன்றே மாநாட்டு வாயில். அவர்களையும் காட்சியாளராகவே நிறுத்திவிட்டால், மாநாடு அவர்களுக்குத் திறந்தது என்பது பெயரளவே.

ஆதலின், இக்கூட்டங்களை நடத்துவோர் கடமை திரையும் இருக்கையும் அமைப்பதோடு முடிவதன்று. கட்டுரையை முன்னரே படிக்கச் செய்தல், உரை முடிந்ததும் ஆராய நேரம் ஒதுக்குதல், எழுந்த வினாக்களைத் தொகுத்து உரையாளருக்கு அனுப்புதல், வந்த விடையை மீண்டும் குழுமுன் வைத்தல் ஆகிய நான்கும் வேண்டும். கனடா உழவர் அஞ்சலில் செய்ததும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் நாட்கணக்கில் காத்திருந்து பெற்றதை நாம் நொடியிற் பெறலாம். பெறும் கருவி கையிலிருந்தும் வினவாது கலைந்து செல்வோமாயின், குறை கருவியின்பாற்பட்டதன்று.