அலமாரிக்குள் நின்ற சிறுமி

மிக மோசமான தொலைக்காட்சித் தொடர்கள் என்று அமெரிக்க விமர்சகர்கள் போடும் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும் பெயர் ‘ஸ்மால் வொண்டர்’. 1985 முதல் 1989 வரை நான்கு பருவங்களில் 96 அத்தியாயங்கள் வெளிவந்த அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடர் அது. மலிவான தந்திரக் காட்சிகள், பழைய நகைச்சுவைகள், ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒலிக்கும் சிரிப்பொலி, மரக்கட்டை போன்ற நடிப்பு என்று அதன்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் பல.

அதே தொடர் 1990களில் ஸ்டார் பிளஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ வளர்ந்து, இன்று நாற்பதைத் தொட்டிருக்கும் பெண்களிடம் ‘விக்கி’ என்று சொல்லிப் பாருங்கள். சிவப்புக் கவுனும், அதன்மேல் கட்டிய வெள்ளை ஏப்ரனும், ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலும் சட்டென்று நினைவுக்கு வரும். இந்தியில் ‘கரிஷ்மா கா கரிஷ்மா’ என்ற பெயரில் 2003இல் அதை மறுபடி எடுக்கும் அளவுக்கு இங்கே அதற்கு வரவேற்பு இருந்தது.

விமர்சகர்களின் வெறுப்பு, நம் பிள்ளைகளின் பிரியம் இரண்டில் எது சரி? அந்தத் தொடருக்குக் கெட்ட பெயர் தகும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் விமர்சகர்கள் சொன்ன காரணங்களுக்காக அல்ல. அவர்கள் அட்டைப்பெட்டி அரங்கத்தைப் பார்த்தார்கள். அந்த அரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த சிறுமியைப் பார்க்கவில்லை.

கதை என்ன?

டெட் லாசன் ஒரு ரோபோ நிறுவனத்தில் பொறியாளர். பத்து வயதுச் சிறுமியின் உருவத்தில் ஒரு ரோபோவைச் செய்கிறார். மனிதர்களோடு பழகிக் கற்றுக்கொள்ளட்டும் என்று அதை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அக்கம்பக்கத்தாரிடம் அவள் தத்தெடுத்த பிள்ளை என்று சொல்லி வைக்கிறார்கள். விக்கிக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, கோபம் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். கை அக்குளில் மின் இணைப்பு, முதுகில் கதவு போன்ற ஒரு பலகை. வீட்டுப் பையன் ஜேமியின் அறையில் இருக்கும் ஓர் அலமாரிதான் அவள் இடம். வேலை இல்லாத நேரத்தில் அதற்குள் நின்றுகொண்டிருப்பாள். ஜேமி செய்ய வேண்டிய வீட்டு வேலையும் பள்ளிப்பாடமும் அடிக்கடி அவள் தலையில் விழும்.

தொடரின் நகைச்சுவை பெரும்பாலும் ஒரே வகை. கட்டளையை அவள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வாள், விபரீதமாக ஏதாவது நடக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் மீதிக் கதையை நகர்த்தும்.

சிறுமிகளான நமக்கு இதில் பிடித்துப்போக நியாயமான காரணங்கள் இருந்தன. ஒரு பெண்குழந்தை ஒற்றைக் கையால் சோபாவைத் தூக்கினாள். கணக்கில் எல்லோரையும் தோற்கடித்தாள். வம்பளக்கும் அண்டைவீட்டாரைத் திரும்பப் பேசியே மடக்கினாள். அன்றைய திரையில் பெண்குழந்தைக்கு இவ்வளவு வலிமை கிடைத்தது அபூர்வம். அந்த மகிழ்ச்சியை இப்போது பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வலிமை யாருக்காக உழைத்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ரோபோ என்ற சொல்

‘ரோபோ’ என்ற சொல் அறிவியல் கூடத்தில் பிறந்ததல்ல, நாடக மேடையில் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம்தான் அதை உலகுக்குக் கொடுத்தது. செக் மொழியில் ‘ரோபோடா’ என்றால் பண்ணையடிமைகள் எசமானுக்குச் செய்த கட்டாய உழைப்பு; நம் ஊர்ச் சொல்லில் வெட்டி வேலை. அந்த நாடகத்திலேயே பெண் ரோபோக்கள் உண்டு. வேலைக்காரியாகவும் விற்பனைப் பெண்ணாகவும் தட்டச்சராகவும் அவர்களைத்தான் மக்கள் கேட்கிறார்கள் என்று தொழிற்சாலை இயக்குநர் விளக்கம் தருவார். இயந்திரத்துக்குப் பால் தேவையில்லை. வேலைக்குத்தான் பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சாபெக் அப்போதே கண்டுகொண்டார்.

1972இல் ஐரா லெவின் எழுதிய ‘ஸ்டெப்ஃபோர்டு மனைவிகள்’ நாவலில் ஓர் ஊர்க் கணவன்மார் தங்கள் மனைவிகளுக்குப் பதிலாக எதிர்த்துப் பேசாத, வீடு துடைக்கும் இயந்திரப் பெண்களை வைத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பெண்ணிய இயக்கம் எழுச்சி பெற்றிருந்த காலத்தில் வந்த திகில் கதை அது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘ஸ்மால் வொண்டர்’ கிட்டத்தட்ட அதே இயந்திரத்தைச் சிறுமியாக்கி, குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவையாக மாற்றியது. லெவின் பயத்தோடு காட்டியதை இந்தத் தொடர் பாசத்தோடு காட்டியது. அதனாலேயே யாருக்கும் உறுத்தவில்லை.

தாம்பரத்து வரவேற்பறைகள்

இந்தத் தொடர் வந்து சேர்ந்த வீடுகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளாக வளர்ந்தன. ரயில்வே, விமானப்படை, அரசு அலுவலகங்கள், வங்கிகளில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கி வீடு கட்டினார்கள். 1990களில் இந்த வீடுகளுக்கு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, கேபிள் இணைப்பு. இன்னொன்று, காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகும் மனைவிமார் அதிகமானது. வீட்டு வேலையைக் கணவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அதை இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் நான் வளர்ந்த தெருவிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் ‘வீட்டோட இருக்கற பொண்ணு’ ஒருத்தி இருந்தாள். தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயதிருக்கும். கேட்டால், தூரத்து உறவு என்பார்கள். படுக்கை அடுப்படியில். நாங்கள் அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்து விக்கியைப் பார்ப்போம். அவள் அடுப்படி வாசலில் நின்றபடி பார்ப்பாள். விளம்பர இடைவேளையில் யாராவது தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பாள்.

விக்கியை ‘தத்துப்பிள்ளை’ என்று சொன்னதும், இவளை ‘உறவுக்காரப் பெண்’ என்று சொன்னதும் ஒரே காரியத்தைச் செய்தன. வேலைக்காரி என்று சொன்னால் கூலி, நேரம், ஓய்வு எல்லாம் பேச வேண்டிவரும். பிள்ளை என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

சட்டமும் அடுப்படிக்குள் நுழையத் தயங்கியே நின்றது. ‘ஸ்மால் வொண்டர்’ ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1986இல், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் நம் நாட்டில் வந்தது. ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் மட்டும் அது குழந்தைகளைத் தடுத்தது. வீட்டு வேலை அந்தப் பட்டியலில் இல்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற அறிவிப்பு 2006 அக்டோபர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது 2007இல். இருபது ஆண்டுகள் அந்தச் சிறுமிகள் அலமாரிக்குள் நின்றார்கள்.

வளரக் கூடாத உடல், இருக்கக் கூடாத ஆசை

விக்கியாக நடித்த டிஃபனி பிரிசெட் தொடர் தொடங்கியபோது சிறுமி. நான்கு பருவங்களில் இயல்பாகவே வளர்ந்தாள். ரோபோ வளராதே! கதையில் தந்தை அவளுக்கு ஒரு ‘மேம்பாடு’ செய்து, தோற்றத்தையும் உடையையும் மாற்றியதாகச் சமாளித்தார்கள். ஒரு பெண்ணின் உடல் வளர்வதற்குக்கூட அதைச் செய்தவரின் அனுமதி தேவைப்பட்டது.

விக்கியைப் போலவே இருக்கும் வனெசா என்ற இன்னொரு ரோபோவும் சில அத்தியாயங்களில் வருவாள். அவளுக்கு ஆசை உண்டு, பிடிவாதம் உண்டு, எரிச்சல் உண்டு. தொடர் அவளைக் கெட்டவளாகக் காட்டியது. இருவராகவும் நடித்தது பிரிசெட்தான். வனெசாவாக வரும்போது கண்ணும் குரலும் உடலும் துள்ளும். அப்படியென்றால் விக்கியின் மரக்கட்டைத்தனம் நடிக்கத் தெரியாததால் வந்தது அல்ல. அந்தச் சிறுமி முயன்று செய்த வேலை அது. விமர்சகர்கள் குறை என்று சொன்ன அந்தத் தட்டையான குரல்தான் தொடரில் மிக உண்மையான விஷயம். விருப்பம் பறிக்கப்பட்டவர் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

இந்தி விக்கியாக நடித்த ஜனக் சுக்லாவும் குழந்தை நட்சத்திரம்தான். வேலை செய்யும் சிறுமியாக வேலை செய்த சிறுமிகள் இவர்கள். குழந்தைக் கலைஞர்கள் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவர்கள் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்ற மத்திய அரசின் விதிகள் 2017இல்தான் வந்தன.

ஆண் ரோபோவுக்கு ஒரு நியாயம்

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டியும் மனிதர்களுக்குச் சேவை செய்யவே உருவானவன். ஆனால் அவனுக்கு உணர்ச்சி வந்தது, காதல் வந்தது, கோபம் வந்தது. ஒரு நகரத்தையே நடுங்க வைத்தான். கடைசியில் கண்ணீரோடு அவனை வழியனுப்பினோம். பெயரிலேயே ஆண்பால் விகுதி. ஆண் இயந்திரத்துக்கு ஆசை வந்தால் காவியம். பெண் இயந்திரத்துக்கு ஆசை வந்தால் வனெசா.

இன்று அலமாரி சுருங்கி மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. சொன்னதைச் செய்யும் குரல் உதவியாளர்கள் பெண் குரலோடும் பெண் பெயரோடும் சந்தைக்கு வந்தன. வசைபாடினாலும் பணிவாகப் பதில் சொல்லும்படி அவை வடிவமைக்கப்பட்டிருந்ததை 2019இல் யுனெஸ்கோ ஓர் அறிக்கையில் கண்டித்தது.

இயந்திரம் வந்தால் வேலை குறையும் என்பதும் பாதி உண்மைதான். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இடுப்பொடிய அரைத்த பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாவை ஆட்டி, கழுவி, புளிக்க வைத்து, இட்லி ஊற்றும் கை யாருடையது என்பது மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த வேலையைக் கூலிக்குச் செய்யும் பெண்கள் இன்று கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைகளை அகற்றித் தென்புறநகரில் குடியமர்த்தப்பட்டவர்களில் பலர், பழைய வேலைவீடுகள் எட்டாத தூரமானதால், பக்கத்து அடுக்குமாடிகளில் புதிதாக வேலை தேட வேண்டியிருந்தது.

பழி யாருக்கு?

ஆகவே, அந்தத் தொடரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. மலிவான அரங்கத்துக்காகவும் சிரிப்பொலிக்காகவும் அதை ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்கினால் அது சொன்ன உண்மையும் சேர்ந்து தப்பிவிடும். நல்ல குடும்பம், அன்பான அப்பா, குறும்பான அண்ணன், ஓயாமல் உழைத்தும் எதுவும் கேட்காத ஒரு சிறுமி. இந்த அமைப்பு யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை என்பதே அதன் குற்றம். அதில் பார்த்துச் சிரித்த நம் வீடுகளுக்கும் பங்குண்டு.

மாணவிகள் யாராவது இன்று அதைத் தேடிப் பார்த்தால், ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், யார் கேட்டார்கள். இன்னொரு பக்கம், யார் செய்தார்கள். ஓர் அத்தியாயம் போதும். பிறகு அதே தாளை உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நிரப்பிப் பாருங்கள்.