வலிக்காத புண்

காஞ்சிப் பட்டைப் புகழாதார் இலர். பட்டு நெய்யும் கைகளைப் போற்றும் நாம், குழித்தறியில் மிதியை அழுத்தும் கால்களை நினைப்பதில்லை. கால்களைப் பற்றிய ஒரு வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

என் தமையனார் நெசவாளர், நீரிழிவு உடையவர். அவருடைய கால்விரல்கள் பருந்தின் நகம்போல் கீழ்நோக்கி வளைந்திருந்தன. ஒரு விரலின் நுனியில் புண் தோன்றியது. “வலிக்காத புண்ணுக்கு வைத்தியம் எதற்குத் தம்பி?” என்றார். நானும் களிம்பு வாங்கிக் கொடுத்ததோடு அமைந்துவிட்டேன். அவரோ நாள்தோறும் தறி மிதித்தார். சனிக்கிழமைகளில் வரதராசர் கோயிலின் சுடுகல் தளத்தில் வெறுங்காலுடன் வலம் வந்தார். முடிவில் முன்பாதத்தையே இழந்தார்.

நான் அறியாதிருந்த உண்மை, காஞ்சிக்கு மேற்கே வேலூரில் முன்பே அறியப்பட்டிருந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் தசை தானே அழுகி உதிர்கின்றது என்று பலரும் நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடன் உழைத்தோரும் கண்டது வேறு. நரம்பு உணர்விழந்தமையால், மனிதன் புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் மிதிக்கின்றான். அழுத்தத்தை நீக்கினால் அத்தசை ஆறும். ஆகவே பாதத்திற்கு மாவுக்கட்டும், ஆறியபின் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பும் அளித்தனர்.

1921-இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டபின் நீரிழிவு நோயாளர் பலர் நெடுநாள் வாழலாயினர். நோய் நீடிக்க, அவர்களுட் பலருக்குப் பாதம் மரத்தது. பிராண்டு 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் தொழுநோயாளரிடம் கற்ற பாடம், அங்கிருந்து நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படலாயிற்று.

விரல் வளைவது ஏன்? நரம்பு கெட, பாதத்தின் சிறு தசைகள் மெலிகின்றன; விரலை மடக்கும் நீண்ட தசைநாணின் இழுப்பு மேலோங்குகின்றது. நுனி தரையில் ஊன்றிக் காய்ப்பேறுகின்றது. காய்ப்பின் அடியில் புண் பிறக்கின்றது. இன்று மருத்துவர் முதலில் இரத்த ஓட்டத்தையும் சீழையும் ஆராய்கின்றனர், காய்ப்பைச் சீவுகின்றனர். தக்கவர்க்கு, விரலின் அடியில் சிறு துளையிட்டு அத்தசைநாணை வெட்டிவிடுகின்றனர். இறுகிய பாவைத் தளர்த்துவது போன்றதே அது. விரல் நிமிர, நுனியின் சுமை நீங்கிப் புண் ஆறுகின்றது.

இப்பொழுது எனக்கும் நீரிழிவு உண்டு. இரவுதோறும் கண்ணாடியைப் பாதத்தின் அடியில் வைத்துப் பார்க்கின்றேன்; கண் மங்கும் நாட்களில் என் பேத்தி பார்க்கின்றாள். மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோரின் பாதங்களை இன்றிரவு ஒருமுறை பாருங்கள். அவர்கள் வலியில்லை என்று கூறினாலும் பாருங்கள்.